கொழும்பில் ஒரு கட்டடக்கலைப் பட்டம்: யாருடைய அங்கீகாரம் முதலில்?

கொழும்பில் கட்டடக்கலைப் பாடநெறி நடத்தும் எந்த நிறுவனத்துக்கும், முதல் அணி மாணவர்கள் இரண்டாம் வருடத்தை முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். இலங்கைக் கட்டடக்கலைஞர்கள் நிறுவகத்தின், அதாவது எஸ்.எல்.ஐ.ஏ.யின் அங்கீகாரம் போதுமா? பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் நிறுவகமான லண்டன் ரீபாவின் முத்திரையும் வேண்டுமா? பொதுநலவாயக் கட்டடக்கலைஞர்கள் சங்கமான சி.ஏ.ஏ., அமெரிக்காவில் கட்டடக்கலைப் பட்டங்களை அங்கீகரிக்கும் சபையான நாப் என்று இன்னும் வாசல்கள் இருக்கின்றனவே? எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம் என்று நிர்வாக சபையில் யாராவது சொல்வார்கள். அதைச் செய்ய வேண்டாம். நான்கு விதமான படிவங்களை நிரப்புவதில் விரிவுரையாளர்களின் நேரம் கரையும், மாணவர்கள் வடிவமைத்துப் பழகும் ஸ்டூடியோ வெறுமையாகும், கடைசியில் எந்த அங்கீகாரக் குழு வந்தாலும் பார்ப்பது அந்த ஸ்டூடியோவைத்தான்.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதலில் எஸ்.எல்.ஐ.ஏ., அதுவும் பகுதி 1 (முதல் மூன்று வருடப் படிப்பு), பகுதி 2 (அதற்கு மேல் ஐந்தாம் வருடம் வரை) இரண்டுக்கும். அடுத்தது சி.ஏ.ஏ. மாணவர்களில் கணிசமானோர் வளைகுடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ போகிறார்கள் என்றால் மட்டும் ரீபா. நாப் இப்போதைக்கு வேண்டாம். இந்த வரிசைக்கான காரணங்கள் கீழே.

மூன்று அனுமதிகள், மூன்று கேள்விகள்

பட்டம் வழங்கச் சட்டப்படி உரிமை இருக்கிறதா என்பது ஒன்று. பட்டப்படிப்பு ஒழுங்காக நடத்தப்படுகிறதா என்பது இன்னொன்று. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கட்டடக்கலைஞர் ஆகலாமா என்பது மூன்றாவது. பெற்றோர் மட்டுமல்ல, சில நேரம் நிறுவனங்களே இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன.

முதலாவதை அரச பல்கலைக்கழகங்களுக்கு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் தருகிறது. தனியார் நிறுவனம் சொந்தப் பட்டம் வழங்க வேண்டுமானால் அதே சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் உயர்கல்வி அமைச்சின் வழியாகப் போக வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே நடத்துபவர்களுக்கு வழி வேறு. இரண்டாவது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர மதிப்பீடு: பாடநெறி முகாமைத்துவம், ஆளணி, கற்பித்தல், மதிப்பீட்டு முறை போன்றவற்றைப் பார்த்துத் தரம் இடுவார்கள். அதில் ஏ எடுத்த பாடநெறி என்றாலும் மூன்றாவது கேள்விக்கு அது பதில் ஆகாது. படிக்கட்டின் அகலம் சரியா என்று அந்தக் குழு பார்ப்பதில்லை.

மூன்றாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

எஸ்.எல்.ஐ.ஏ.: தவிர்க்க முடியாத வாசல்

1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நிறுவகம் இது. 1996இல் வந்த திருத்தத்தோடு கட்டடக்கலைஞர்களைப் பதிவு செய்யும் சபையும் உருவானது. இங்கே கட்டடக்கலைஞராகத் தொழில் செய்ய வேண்டும், நகர அபிவிருத்தி அதிகாரசபைக்குப் போகும் வரைபடத்தில் பட்டயக் கட்டடக்கலைஞர் என்று கையெழுத்திட வேண்டும் என்றால் இந்த வழியாகத்தான் வர வேண்டும். வெளிநாட்டு முத்திரை எத்தனை இருந்தாலும், கொழும்பிலேயே இருந்து தொழில் செய்யப்போகும் மாணவருக்கு எஸ்.எல்.ஐ.ஏ. அங்கீகாரம் இல்லாத பட்டம் தனிநபர் மதிப்பீடு என்ற நீண்ட வழியைத்தான் தரும். சென்னையில் பி.ஆர்க். முடித்துத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் பட்டம் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுக் கட்டடக்கலைஞர் சட்டத்தின் கீழ் முழுமையான ஐந்து வருடத் தகைமை. ஆனாலும் இங்கே போர்ட்ஃபோலியோவைத் தூக்கிக்கொண்டு தனியாக மதிப்பீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

கட்டமைப்பு பிரித்தானிய மரபில் வந்தது: பகுதி 1, பகுதி 2, அதன் பின் தொழில் அனுபவத்தோடு பகுதி 3. பாடநெறிக்கு வேண்டியது முதல் இரண்டும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. மூன்று வருடப் பட்டத்தை மட்டும் தொடங்கி, பகுதி 1க்கு மட்டும் அங்கீகாரம் வாங்கி, பகுதி 2ஐப் பிறகு பார்க்கலாம் என்று விடுகிறார்கள். மூன்று வருடம் முடிந்த மாணவர் நடுவழியில் நிற்பார். வேறு நிறுவனத்தில் இடம் தேட வேண்டும், அங்கே இடங்கள் குறைவு, வெளிநாட்டில் என்றால் செலவு பல மடங்கு. பகுதி 2 எங்கே, எப்படி என்று எழுத்தில் சொல்ல முடியாத நிறுவனம் பகுதி 1க்கு மாணவர் எடுக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ரீபா: பெயர் பெரிது, எல்லையும் உண்டு

துபாயிலும் தோஹாவிலும் வேலை தருபவர்களுக்கு ரீபா என்ற பெயர் தெரியும். அது உண்மையான பயன். ஆனால் விண்ணப்பிக்கும் முன் மூன்று விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, ரீபா அங்கீகாரம் குறிப்பிட்ட பாடநெறிக்கு, குறிப்பிட்ட இடத்தில் நடப்பதற்குத் தரப்படுவது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் தாய் வளாகத்தில் உள்ள பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதால், அதே பெயரில் கொழும்பில் நடக்கும் பட்டத்துக்கும் அது தானாக வந்துவிடாது. இணைப்புப் பட்டம் நடத்துபவர்கள் பங்காளிப் பல்கலைக்கழகத்திடம் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ரீபாவின் பட்டியலில் கொழும்பு என்ற பெயரோடு அந்தப் பாடநெறி இருக்கிறதா என்று பெற்றோரும் பார்க்க வேண்டும்.

இரண்டு, ரீபா அங்கீகாரம் பிரித்தானியப் பதிவு ஆகாது. அங்கே கட்டடக்கலைஞர் என்று அழைத்துக்கொள்ளும் உரிமையை 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஏ.ஆர்.பி. என்ற தனிச் சபைதான் தருகிறது. கொழும்பில் ரீபா பகுதி 1, 2 முடித்தவரும் அந்தச் சபையைத் தனியாகத் திருப்திப்படுத்த வேண்டும்.

மூன்று, அந்த ஏ.ஆர்.பி. இப்போது தன் முறையையே மாற்றிக்கொண்டிருக்கிறது. 2027 இறுதியோடு பகுதி 1 தகைமைகளை அங்கீகரிப்பதை நிறுத்துகிறது; இனி முதுமாணி மட்டத்தில் மாணவர் எதைச் செய்யக்கூடியவர் என்பதையும், தொழிற் பயிற்சியில் எதைக் காட்டினார் என்பதையும் பார்க்கும். ரீபா தன் பகுதி 1ஐத் தொடர்கிறது. ஆகவே ‘பிரித்தானிய அங்கீகாரம் பெற்ற பகுதி 1’ என்று இன்று விளம்பரம் செய்வது யாருடைய அங்கீகாரத்தை என்று சொல்லாவிட்டால் பொருளற்றது. இணைப்புப் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் மூன்று வருடப் பட்டத்தைவிட முதுமாணிப் பட்டம் வரை நீளும் ஒப்பந்தத்தைக் கேட்பதற்கு இதுவே போதுமான காரணம்.

புதிய பாடநெறிக்கு ரீபா முதலில் வேட்பாளர் நிலை தரும். முழு அங்கீகாரம், மாணவர்கள் முடித்த வேலையைப் பார்த்த பிறகுதான். அதன் பின் வழக்கமாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குழு வரும்.

சி.ஏ.ஏ.: குறைவாகப் பேசப்படும் நல்ல வழி

1965இல் தொடங்கிய இந்தச் சங்கம் பொதுநலவாய நாடுகளின் கட்டடக்கலைப் பட்டங்களைப் பல தசாப்தங்களாகப் பரிசீலித்துப் பட்டியல் வெளியிட்டு வருகிறது. 2008இல் கையெழுத்தான கன்பரா உடன்படிக்கையில் சி.ஏ.ஏ.யும் அமெரிக்காவின் நாப்பும், கனடா, கொரியா, சீனா முதலிய நாடுகளின் அமைப்புகளும் ஒருவர் அங்கீகரிப்பதை மற்றவர் கணிசமாகச் சமமானது என்று ஏற்கின்றன. அதனால் சி.ஏ.ஏ. பட்டியலில் ஏறிய கொழும்புப் பட்டம் ஒரே அடியில் பல நாடுகளில் கல்வித் தகைமையாகப் பேசக்கூடியதாகிறது. கல்வித் தகைமை மட்டும்தான். தொழில் உரிமம் அந்தந்த நாட்டின் சபையிடம். எஸ்.எல்.ஐ.ஏ. சி.ஏ.ஏ.யின் உறுப்பு நிறுவகம் என்பதால் இரு குழுக்களும் சேர்ந்து ஒரே விஜயமாக வரக் கேட்கலாம். ஒரே கண்காட்சி, ஒரே ஆவணத் தொகுப்பு, ஒரே வாரம். கையில் மூன்று முழுநேர விரிவுரையாளர்களும் பத்துப் பகுதிநேர ஆசிரியர்களும் மட்டும் இருக்கும் துறைக்கு இந்த மிச்சம் பெரிது.

நாப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பாடநெறிகளுக்கு நாப் தருவது வழக்கமான அங்கீகாரத்தை அல்ல, சர்வதேசச் சான்றிதழை. அதற்கு மூன்று விஜயங்கள், பல வருடங்கள். கன்பரா வழி திறந்திருக்கும்போது இந்தப் பாதையில் பணம் போடக் காரணம் இல்லை. யுனெஸ்கோவும் சர்வதேசக் கட்டடக்கலைஞர் ஒன்றியமான யூ.ஐ.ஏ.யும் சேர்ந்து 1996இல் வெளியிட்ட கல்விச் சாசனத்தையோ, விண்ணப்பிக்காவிட்டாலும், மேசையில் வைத்திருக்க வேண்டும். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

ஒரே அட்டவணை, ஒரே ஆவணக் களஞ்சியம்

1985ஆம் ஆண்டு ஐரோப்பியப் பணிப்புரை ஒன்றில் கட்டடக்கலைக் கல்விக்கு 11 தேவைகள் வரையப்பட்டன: அழகியலும் தொழில்நுட்பமும் சேர்ந்த வடிவமைப்பு, வரலாறும் கோட்பாடும், நகரத் திட்டமிடல், மனிதருக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவு, கட்டமைப்பு, செலவு, சட்டம் என்று போகும் அந்தப் பட்டியல். யூ.ஐ.ஏ. சாசனத்திலும் அதுதான் அடித்தளம், ரீபாவின் பொது அளவுகோல்களும் அங்கிருந்தே வந்தவை. ரீபா இப்போது ஆறு கருப்பொருள்களின் கீழும் பார்க்கிறது. அவற்றில் உயிர்ப் பாதுகாப்பும் தொழில் நெறியும் முன்னைவிடக் கனமாக நிற்கின்றன. ஆகவே பாடநெறியின் முதல் நாளிலேயே 11 வரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை வரைந்து, ஒவ்வொரு பாடமும் ஸ்டூடியோ புராஜெக்டும் எந்த வரிசைக்குச் சான்று தருகிறது என்று குறியுங்கள். பக்கத்தில் ரீபாவின் ஆறுக்கு ஒரு நிரல், எஸ்.எல்.ஐ.ஏ. கேட்பதற்கு ஒரு நிரல். எந்தக் குழு வந்தாலும் அந்த நிரலை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதும்.

அடுத்து கிரெடிட் கணக்கு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். வருடத்துக்கு 30 கிரெடிட். ஐந்து வருடத்துக்கு 150. யூ.ஐ.ஏ. சாசனம் ஆசிரியரோடு நேருக்கு நேர் பேசிச் செய்யும் தனி புராஜெக்ட் வேலை பாடத்திட்டத்தில் ஏறத்தாழப் பாதி இருக்க வேண்டும் என்கிறது. ரீபாவும் பாதிக்குக் குறையக்கூடாது என்று எதிர்பார்க்கிறது. பாதி என்றால் 75 கிரெடிட், அதாவது ஒரு செமஸ்டருக்கு 7.5 கிரெடிட், 375 மணி நேரம். 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 25 மணி நேரம். நான்கு மணி நேரம் வீதம் மூன்று பிற்பகல் ஸ்டூடியோ, மிச்சம் 13 மணி நேரம் மாணவரின் சொந்த வேலை. ஒரே பாடத்துக்கு இவ்வளவு கிரெடிட்டா என்று கல்விச் சபை தயங்கும். நான்காகக் குறைத்துவிட்டு நேரத்தை மட்டும் அப்படியே வைத்தால் இரண்டு கெடுதல்: மாணவர் உழைப்புக்குரிய பெறுபேறு கிடைக்காது, ‘பாதி’ என்ற நிபந்தனையும் காகிதத்தில் தோற்கும்.

பிரித்தானியக் கிரெடிட்டோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும். அங்கே ஒரு கிரெடிட் 10 மணி நேரம், வருடத்துக்கு 120. மணி நேரத்தை வைத்து மாற்றினால் நம் 30 கிரெடிட் 150 ஆகிவிடும். அதனால் வருடத்துக்கு வருடம் மாற்றுங்கள்: 30க்கு 120. அமெரிக்க பி.ஆர்க். பட்டத்துக்கும் 150 கிரெடிட் என்பதைக் கண்டு இரண்டும் ஒன்று என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அது வேறு அளவை.

ஆசிரியர் எண்ணிக்கையும் இதிலிருந்தே வரும். ஒரு மாணவரின் மேசையில் 20 நிமிடம் இருந்து பேசினால் ஒரு பிற்பகலில் ஓர் ஆசிரியரால் 12 பேரைத்தான் பார்க்க முடியும். 48 பேர் கொண்ட வகுப்புக்கு நான்கு பேர் வேண்டும். இரண்டு பேரை வைத்து நடத்தும் நிறுவனத்தில் சுவரில் ஒட்டிப் பேசும் பொது விமர்சனம் மட்டுமே மிஞ்சும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை செமஸ்டர் முழுவதும் ஆசிரியர் பார்வையில் படாமலே போய்விடும்.

குழு எதைப் பார்க்கும்

அதிக புள்ளி, நடுத்தரம், கடைசித் தேர்ச்சி என்று மூன்று அடுக்குகளிலிருந்தும் போர்ட்ஃபோலியோ கேட்பார்கள். நிறுவனங்கள் முதல் அடுக்கை அழகாகச் சுவரில் வைக்கின்றன. குழுவோ கடைசி அடுக்கில்தான் உட்காரும். ஏனென்றால் 40 புள்ளியில் தேறியவருக்கும் அதே பட்டம்தான் கிடைக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வருடம், வெள்ளவத்தைக் கால்வாய் ஓரம் ஒரு சமூக நூலகம், 42 புள்ளி. அட்டவணையில் இந்தப் புராஜெக்ட் கட்டமைப்பு, அணுகல், தீப் பாதுகாப்பு மூன்றுக்கும் சான்று என்று குறிக்கப்பட்டிருக்கிறது. 1:100 வெட்டுமுகத்தில் கால்வாய் நீர்மட்டம் வரையப்பட்டிருக்கிறது, வெள்ள மட்டம் இல்லை. நுழைவாயில் சாய்தளத்தை அளந்தால் 1:8. சக்கர நாற்காலிக்கு 1:12க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. தளவரைபடத்தில் உள்ள தூண் வரிசை வெட்டுமுகத்தில் வேறு இடத்தில் நிற்கிறது. மேல் மாடியிலிருந்து இறங்கும் ஒரே படிக்கட்டு வாசிப்பு மண்டபத்துக்குள்தான் திறக்கிறது. ஆசிரியரின் மதிப்பீட்டுத் தாளில் ‘நல்ல முயற்சி, வடிவம் கவர்ச்சி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. இந்த ஒரு தாள் போதும். மாணவர் தவறு செய்ததைக் குழு பெரிதாக எடுக்காது. அந்தத் தவறை யாரும் காணவில்லை என்பதைத்தான் எழுதும். மதிப்பீட்டுத் தாளில் அளவுகோல் வாரியாகக் கட்டங்கள் இருக்க வேண்டும். உயிர்ப் பாதுகாப்புக் கட்டத்தில் தோற்றால் மற்றவை எப்படி இருந்தாலும் மீளச் சமர்ப்பிக்க வேண்டும் என்ற விதி இருக்க வேண்டும்.

அட்டவணை நிறையச் சரி போட்டு வைப்பதும் இதே வகைத் தவறு. ஒரு புராஜெக்ட் எட்டு அளவுகோலுக்குச் சான்று என்று எழுதினால் எட்டையும் கடைசி மாணவரின் தாளில் காட்ட வேண்டி வரும். இரண்டு மூன்று போதும்.

பேணுவது அடுத்த சிக்கல். கொழும்பின் ஈரக்காற்றில் அட்டை மொடல்கள் ஒரு மழைக்காலத்தில் வளைந்து பூஞ்சணம் பிடித்துவிடும். மாணவரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். விமர்சனம் முடிந்த வாரத்திலேயே நான்கு பக்கமும் மேலிருந்தும் அளவுக்கோடு வைத்துப் படமெடுங்கள். ஏ1 தாள்களை ஸ்கேன் செய்து வருடம், புராஜெக்ட், புள்ளி அடுக்கு என்ற ஒழுங்கில் கோப்புப் பெயர் வையுங்கள். விமர்சனத்தில் சொல்லப்பட்டதை ஒரு பக்கக் குறிப்பாக அதே கோப்பில் சேருங்கள். குழு வரும் மாதத்தில் இதைத் தொடங்கினால் நடுத்தர, கடைசி அடுக்கு மாணவரின் வேலை கிடைக்கவே கிடைக்காது. நல்லது மட்டும்தான் யாரிடமாவது இருக்கும். புறக்கோட்டைத் தெருக்களை அளந்து வரைவது போன்ற குழு வேலைக்கு யார் எதை வரைந்தார் என்ற தாள் தனியாக வேண்டும், இல்லாவிட்டால் அது யாருக்கும் சான்றாகாது.

தமிழ் மொழி மூலம் உயர்தரம் எழுதி யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றனிலிருந்து வரும் மாணவர்கள் ஸ்டூடியோவில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. அவர்களின் வரைபடம் பேசும். ஆய்வுக்கட்டுரையும் தொழிற் பயிற்சி அறிக்கையும்தான் கடைசி அடுக்குக்குப் போகின்றன. மதிப்பீட்டுத் தாளில் மொழிக்கும் வாதத்துக்கும் தனித்தனிப் புள்ளி வையுங்கள். ஸ்கெட்ச் புத்தகத்தில் தமிழில் குறிப்பெழுத முதல் வருடத்தில் இடம் கொடுங்கள். சிந்தனையின் தடம் அங்கே தெரியும், அதுவும் சான்றுதான். எழுத்துப் பயிற்சி மூன்றாம் வருடத்தில் அல்ல, முதல் செமஸ்டரிலேயே தொடங்க வேண்டும்.

குழு மாணவர்களை ஆசிரியர்கள் இல்லாமல் சந்திக்கும். சுயமதிப்பீட்டு அறிக்கையில் ‘மொடல் பட்டறை முழுநேரமும் திறந்திருக்கும்’ என்று எழுதி, மாணவர்கள் ‘நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்’ என்றால் அறிக்கையின் மற்றப் பக்கங்களும் சந்தேகத்துக்குள்ளாகும். குறையை நீங்களே எழுதி, எந்தத் திகதிக்குள் எந்தப் பணத்தில் சரி செய்வீர்கள் என்று சேர்த்துவிடுவதே நல்லது.

யாருக்கு எந்த வரிசை

ஐந்து வருடப் பட்டத்தைப் புதிதாகத் தொடங்கும் நிறுவனம் மாணவர் எடுக்கும் முன்பே எஸ்.எல்.ஐ.ஏ. கல்விச் சபையிடம் பாடத்திட்டத்தைக் காட்டிப் பேச வேண்டும். மூன்றாம் வருட முடிவில் பகுதி 1க்கும் ஐந்தாம் வருட முடிவில் பகுதி 2க்கும் விஜயம். அந்த இரண்டாவது விஜயத்தை சி.ஏ.ஏ.யோடு சேர்த்துக் கேளுங்கள். ரீபா அதற்குப் பிறகு, மாணவர் எங்கே போகிறார்கள் என்று பார்த்து.

மூன்று வருட இணைப்புப் பட்டம் நடத்துபவர்களுக்கு வரிசை மாறும். பகுதி 2க்கான ஒப்பந்தம் முதலில்; பிறகு எஸ்.எல்.ஐ.ஏ.; பங்காளிப் பல்கலைக்கழகம் உதவுமானால் ரீபா. ஏற்கெனவே எஸ்.எல்.ஐ.ஏ. அங்கீகாரம் உள்ள, அடுத்த விஜயத்துக்கு இரண்டு வருடம் இருக்கும் நிறுவனம் இப்போதே சி.ஏ.ஏ.யையும் அதே விஜயத்துக்குள் சேர்க்க எழுதலாம். அவுஸ்திரேலியாவுக்குப் போகும் மாணவர்களை மனத்தில் வைத்து எதையும் கூடுதலாக வாங்க வேண்டியதில்லை. அங்கே வெளிநாட்டுத் தகைமையைத் தனிநபராகவே மதிப்பிடுகிறார்கள், அதற்கு மேலே சொன்ன ஆவணக் களஞ்சியமே பெரிய உதவி.

விளம்பரக் கையேட்டில் எழுதும் வாசகத்தையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். அங்கீகாரம் கிடைக்கும் வரை ‘அங்கீகாரத்துக்குரியது’, ‘சர்வதேசத் தரம்’ போன்ற சொற்கள் வேண்டாம். எந்த அமைப்பு, எந்தப் பகுதி, எந்த வளாகம், எந்த வருட அணியிலிருந்து எந்த வருடம் வரை என்று ஐந்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். இன்னும் கிடைக்கவில்லை என்றால் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, மறுக்கப்பட்டால் ஏற்கெனவே சேர்ந்த மாணவருக்கு என்ன வழி என்பதையும் அதற்குக் கீழேயே எழுதுங்கள்.